தெருமுனை மேடையில் ஒரு நல்ல கச்சேரி: சேலம் ஆடித் திருவிழா விழாக் கமிட்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சேலத்துப் பிள்ளைகளில் பலர் தங்கள் முதல் கச்சேரியை அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். ஆடி மாதம், மாரியம்மன் திருவிழா, தெருவை அடைத்துப் போட்ட மேடை, ரேடியோவில் கேட்ட பாட்டைக் கண்ணெதிரே ஒருவர் வாசிக்கிற அதிசயம். அந்த முதல் கச்சேரி காது கிழியும் இரைச்சலாகவும் அமையலாம், ஆயுசுக்கும் நினைவில் நிற்கும் இசையாகவும் அமையலாம். இரண்டுக்கும் செலவாகும் தொகை பெரும்பாலும் ஒன்றுதான். அதை எதில் செலவழிக்கிறோம், எந்த மணிக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கையில் இருக்கும் தொகையை முதலில் ஒலிக்கு ஒதுக்குங்கள். மின்விளக்கு அலங்காரமும் கட்அவுட்டும் மிச்சத்தில் வரட்டும். பாடுகிறவரின் சொல் கடைசி வரிசைப் பாட்டிக்குப் புரியவில்லை என்றால் மற்ற எதுவும் அந்த இரவைக் காப்பாற்றாது.

தேதியும் அனுமதியும்

பூச்சாட்டுதலில் தொடங்கிச் சத்தாபரணம் வரை கோயில் நிகழ்ச்சி நிரல் முடிவானதும், கச்சேரிக்கு எந்த இரவு என்று குறித்துவிடுங்கள். குகை, அம்மாபேட்டை பகுதிகளில் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமிட்டு வரும் ஊர்வலம்) நடக்கும் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அன்று கூட்டமும் அங்கே போய்விடும். சவுண்ட் லாரி ஊருக்குள் நுழையவும் வழி கிடைக்காது. சக்தி கரகம் புறப்படும் இரவும் வேண்டாம். கரகம் வரும் நேரம் யார் கையிலும் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் முழங்கி வரும்போது மேடை இசையை நிறுத்தி வைக்கத்தான் வேண்டும்.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எழுத்து மூலம் மனு கொடுங்கள். இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர்கள் இருவரின் பெயர், தெருவை அடைப்பதானால் மாற்று வழியின் வரைபடம் ஆகியவை அதில் இருக்கட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தளர்வை நம்பி நிகழ்ச்சி போடாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மேடை அதற்குள் விழுகிறதா என்று அளந்தே பாருங்கள். கூம்பு ஒலிபெருக்கியை மறந்துவிடுங்கள். பாட்டுக்கு அது எப்படியும் உதவாது.

குழுவோடு பேசும்போது

‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற ஒரே சொல்லுக்குள் பலவகைக் குழுக்கள் இருக்கின்றன. முழுக்க நேரடியாக வாசிப்பவர்கள் உண்டு. பதிவு செய்த இசையை ஓடவிட்டு மேலே பாடுபவர்களும் உண்டு. பின்னது தவறில்லை, ஆனால் அதற்கு முன்னதன் விலையைக் கொடுக்கக் கூடாது. மேடையில் யார் யார் எந்தக் கருவி வாசிக்கிறார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள்.

ஒரு தெருக் கச்சேரிக்கு நிறைவான அமைப்பு இது: கீபோர்ட் இரண்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ரிதம் பேட், தபலா, டோலக், புல்லாங்குழல், பாடகர்கள் நால்வர், தொகுப்பாளர் ஒருவர். பணம் குறைவென்றால் ஒரு கீபோர்டையும் பேடையும் குறைக்கலாம். புல்லாங்குழலையும் தபலாவையும் குறைக்காதீர்கள். மூச்சும் விரலும் கண்ணுக்குத் தெரிகிற கருவிகள் அவை. முதன்முறை பார்க்கிற பிள்ளைக்கு மனதில் தங்குவதும் அவைதான்.

ஒப்பந்தத் தாளில் முன்பணம், மீதி எப்போது தருவது, எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் செலவு, மழை வந்து நின்றால் என்ன கணக்கு, ஒலிச் சோதனைக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. ஏழு மணிக் கச்சேரிக்கு ஆறே முக்காலுக்கு வேனில் வந்து இறங்கினால், முதல் ஐந்து பாட்டும் ஒலிச் சோதனையாகவே போய்விடும். அதை ஊரே உட்கார்ந்து கேட்கும்.

கோயில் விழாவில் இலவசமாக நடத்துவதற்கும் டிக்கெட் போட்டு நடத்துவதற்கும் பதிப்புரிமை விஷயத்தில் வேறுபாடு உண்டு. டிக்கெட் நிகழ்ச்சி என்றால் பாடல்களைப் பொதுவெளியில் பாட, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தின் உரிமம் வாங்கிவிடுங்கள்.

மேடை

அகலம் 30 அடி, ஆழம் 20 அடி, உயரம் 4 அடி. மேலே சொன்ன குழுவுக்கு இதற்குக் குறைந்தால் டிரம்ஸ் ஒலி பாடுகிறவரின் மைக்கில் நேராகப் போய் விழும். டிரம்ஸுக்குப் பின்பக்க நடுவில் 8 அடிக்கு 8 அடி, ஓர் அடி உயரத் திண்டு தனியாக வேண்டும். பலகைகள் ஒன்றோடொன்று ஆடாமல் இறுகியிருக்கிறதா என்று பத்துப் பேரை ஏற்றிக் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். ஆடும் மேடையில் மைக் ஸ்டாண்ட் ஆடும். காலடி ஓசை முழுவதும் மைக் வழியாக பேஸ் பாக்ஸுக்குப் போய்த் தொம்தொம் என்று கேட்கும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மேடை போடுகிறவர்கள் மறக்கக் கூடாத பழமொழி. மேடையின் முதுகில் கட்டும் 30 அடி ஃப்ளெக்ஸ் பேனர் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. அது இழுக்கும் இழுப்பில் சாரமே சாய்ந்துவிடும். ஃப்ளெக்ஸுக்குப் பதில் காற்று புகும் வலைத்துணியில் அச்சிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் இரண்டடிக்கு ஒன்றாக அரைவட்ட வெட்டு வெட்டிவிடுங்கள். சாரத்தின் நான்கு மூலைக்கும் இழுவைக் கயிறு வேண்டும். கயிற்றை மரத்திலோ தரையில் அடித்த முளையிலோ கட்டலாம். மின்கம்பத்தில் ஒருநாளும் கட்டக் கூடாது.

மாலை மழையும் ஆடியில் புதிதல்ல. மேடைக்கு மேல் தார்ப்பாய் பின்பக்கம் சரிவாக இருக்கட்டும். முன்பக்கம் சரிந்தால் தண்ணீர் மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) மீதே கொட்டும். எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அளவிடும் மிக்ஸருக்கும் ஜெனரேட்டர் பலகைக்கும் தனித் தார்ப்பாயை மடித்துப் பக்கத்திலேயே வையுங்கள்.

மின்சாரம்

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபயர்கள் சராசரியாக 6 கிலோவாட், மேடைக் கருவிகள் 1, எல்ஈடி பார் விளக்கு 16 (ஒன்று 180 வாட்) என்றால் 2.9, சுழலும் விளக்கு 8 (ஒன்று 350 வாட்) என்றால் 2.8, தெரு அலங்கார விளக்குகள் 3, 12 அடிக்கு 8 அடி எல்ஈடி திரை உச்சத்தில் 6.2. கூட்டினால் ஏறக்குறைய 22 கிலோவாட். ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கேவிஏ கணக்குக்கு மாற்ற 0.8 ஆல் வகுத்தால் 27.5 கேவிஏ. இதற்கு 62.5 கேவிஏ ஜெனரேட்டர் பொருத்தம். பாதிச் சுமைக்குக் கீழே ஓடும்போதுதான் டிரம் அடி விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்காமல் நிற்கும். மணிக்கு 7, 8 லிட்டர் டீசல் என்று வைத்து, ஒலிச் சோதனையையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.

மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளில் (ஃபேஸ்) ஒன்றை ஒலிக்கு மட்டும் விடுங்கள். விளக்கும் ஒலியும் ஒரே ஃபேஸில் இருந்தால் ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் கேட்கும். நியூட்ரல் கம்பியின் இணைப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறி, கீபோர்டும் மிக்ஸரும் ஒரே நொடியில் கருகிவிடும். மீட்டர் வைத்து ஒவ்வொரு பிளக்கிலும் அளந்த பிறகே கருவிகளைச் செருக வேண்டும்.

எர்த் கம்பி இல்லாத மேடையில் யாரையும் ஏற்றாதீர்கள். ஆறடிக் கம்பியை மண்ணில் அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, ஜெனரேட்டரின் உடலோடு இணைக்க வேண்டும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்று மேடை மின்பலகையில் கட்டாயம். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் போகவில்லை என்று பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கும் பழக்கம் உயிரை வாங்கும். கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு வைக்கும் பாடகர்தான் அதற்கு முதலில் பலியாவார். சோதனையின்போது கிட்டார் கம்பிக்கும் மைக் கூண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றும் காட்டக் கூடாது.

ஒலி: ஸ்பீக்கர் எங்கே, எத்தனை

40 அடி அகலம், 200 அடி நீளம் உள்ள தெருவில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மேடையின் இருபுறமும் இரண்டிரண்டு டாப் (குரலும் மற்றக் கருவிகளும் கேட்கும் முதன்மை ஸ்பீக்கர்), மொத்தம் நான்கு 18 அங்குல பேஸ் பாக்ஸ், நடுத்தெருவில் ஒரு ஜோடி டாப், மேடையில் ஆறு மானிட்டர், 32 சேனல் மிக்ஸர். இது போதும்.

பெட்டியை அடுக்கினால் கெத்தாகத் தெரியும் என்று மேடையோரம் எட்டு, பத்து என்று வைக்கச் சொல்கிற கமிட்டிகள் இருக்கின்றன. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று மேடையிலேயே சத்தத்தைக் கூட்டினால், முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். அதனால்தான் நடுத்தெருவில் இன்னொரு ஜோடி. மேடையிலிருந்து 30 மீட்டரில் அதை நிறுத்துங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் வேகத்தில் போவதால், மேடை ஒலி அங்கே சேர 86 மில்லிநொடி ஆகும். நடு ஜோடிக்கு 86 மில்லிநொடியும் அதற்குமேல் 10 முதல் 15 வரையும் டிலே (தாமதம்) வைத்தால், பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். டிலே வைக்காவிட்டால் பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். தெருக் கச்சேரிகளில் ‘ஒண்ணுமே புரியல’ என்று எழுந்து போகிறவர்களில் பலர் இதனால்தான் போகிறார்கள்.

நம் பேட்டைகளில் தெருவின் இருபுறமும் சுவர் நெருக்கம். டாப்பைத் தரையில் வைத்தால் முதல் இரண்டு வரிசை ஒலியை விழுங்கிவிடும், மிச்சம் சுவரில் மோதிச் சிதறும். எட்டடி உயரத்தில் ஏற்றி, முகத்தை லேசாகக் கீழே சாய்த்து, கூட்டத்தின் நடுப்பகுதியைப் பார்க்க வையுங்கள். மாடி வீடுகளின் ஜன்னலைப் பார்க்கக் கூடாது. பொது இடத்தின் எல்லையில் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 10 டெசிபெல் அதிகம், அல்லது 75 டெசிபெல், இதில் எது குறைவோ அதுதான் சட்டத்தின் வரம்பு. சாய்த்து வைப்பது அந்த வரம்புக்கும் உதவும்.

பேஸ் பாக்ஸ்களை மேடைக்குக் கீழே நடுவில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். இரு ஓரத்தில் பிரித்து வைத்தால் தெருவின் நடுக்கோட்டில் நெஞ்சே அதிரும், நாலடி தள்ளினால் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, அலமாரிப் பாத்திரத்தையும் கண்ணாடிச் சாமானையும் எடுத்து வைக்கச் சொல்வது மரியாதை.

மிக்ஸருக்குரிய இடம் கூட்டத்தின் நடுவே, மேடையிலிருந்து 60 முதல் 80 அடி தூரத்தில். மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவருக்குக் கூட்டம் என்ன கேட்கிறது என்றே தெரியாது. ஒரு பந்தல்கால் இடம் போனாலும் பரவாயில்லை, நடுவில் உட்கார வையுங்கள். நல்ல ஒலி கேட்க விரும்புகிற யாருக்கும் இது பயன்படும் குறிப்பு: எந்தக் கச்சேரிக்குப் போனாலும் மிக்ஸருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒலிச் சோதனை

மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடிய வேண்டும். முதலில் வயர் சோதனை: டிரம்ஸுக்கு 6, பேடுக்கு 2, கீபோர்டுகளுக்கு 4, கிட்டார்களுக்கு 2, தபலாவுக்கு 2, டோலக்குக்கு 2, குழலுக்கு 1, பாடகர்களுக்கு 4, தொகுப்பாளருக்கு 1. மொத்தம் 24 சேனல். மிக்ஸரில் ஒவ்வொன்றின் கீழும் டேப் ஒட்டி, தமிழில் பெயர் எழுதிவிடுங்கள். கீபோர்டையும் பேஸ் கிட்டாரையும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் வயரில் அனுப்ப ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக அனுப்புங்கள். சாதாரணக் கிட்டார் வயர் 20 அடிக்கு மேல் போனால் இரைச்சலை வாரிக்கொண்டு வரும். மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வயர் 300 அடி போனாலும் தாங்கும். மைக் வயரும் மின்வயரும் ஒன்றாக ஓடக் கூடாது. குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

அடுத்து கருவி ஒவ்வொன்றாக: டிரம்ஸ், பேஸ், மற்ற தாளம், கீபோர்ட், கிட்டார், குழல், கடைசியில் குரல். எல்லாம் சேர்ந்த பிறகு குரல் மேலே வரவில்லை என்றால் குரலைக் கூட்டாதீர்கள், மற்றதைக் குறையுங்கள்.

மைக் ஊளையிடுவதற்குக் காரணம் எளிது. ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வளர்கிறது. ஷ்யூர் எஸ்எம்58 போன்ற மைக்குகளுக்குப் பின்பக்கம் காது மந்தம். அதனால் மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேரே இருக்க வேண்டும். பாடகர் மைக்கின் கூண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அந்த மந்தம் போய்விடும், ஊளை வரும். இதைப் பாடகரிடம் சோதனையின்போதே பணிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு மானிட்டரை மெல்லக் கூட்டி, எந்த அலைவரிசையில் ஊளை தொடங்குகிறதோ அதை 31 பட்டை ஈக்வலைசரில் 3 டெசிபெல் இறக்குங்கள். நான்கைந்து பட்டை இறக்கிய பின்னும் நிற்கவில்லை என்றால் பிழை மானிட்டர் வைத்த இடத்தில் இருக்கிறது.

எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை மாட்டுங்கள், ஆடிக்காற்று மைக்கில் ஊதும். வயர்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி. பக்கத்திலேயே வயர் உள்ள மைக் ஒன்று தயாராக இருக்கட்டும்.

பாட்டு வரிசை

ஏழுக்குத் தொடங்கி 9.50க்கு மங்களம் என்றால் கையில் 170 நிமிடம். பாட்டுக்கு ஐந்து, நடுப்பேச்சுக்கு ஒரு நிமிடம். பொன்னாடைக்கும் நன்றிக்கும் 15 நிமிடம் ஒதுக்கினால் 25 பாட்டு தேறும். முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்த இரண்டு அம்மனுக்கு. நான்காவது பாட்டில் தெருவே தாளம் போட வேண்டும். குழந்தைகள் விழித்திருக்கும் நேரம் அதுதான். எட்டரை மணிவாக்கில் பழைய மெலடிகளை வரிசையாக வையுங்கள். வீட்டு வேலை முடித்துப் பெண்கள் வந்து உட்காரும் நேரம் அது. ஒன்பதரைக்கு மேல் வேகப் பாட்டு.

பொன்னாடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஆறாவது பாட்டுக்குப் பிறகு முடித்துவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒருவரை மேடையேற்றினால் கூட்டம் கலைந்துவிடும். நேயர் விருப்பச் சீட்டுகளைத் தொகுப்பாளர் நேராக வாங்கக் கூடாது. கமிட்டியில் ஒருவர் வாங்கி, குழுவுக்குத் தெரிந்த பாட்டுகளை மட்டும் உள்ளே கொடுக்கட்டும். இடையில் ஒரே ஒரு பாட்டை, குழலும் தபலாவும் மட்டும் வைத்து, விளக்கைக் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். சத்தம் குறையும் அந்த ஐந்து நிமிடத்தில் ஆயிரம் பேர் வாய்மூடிக் கேட்பார்கள். மறுநாள் டீக்கடையில் பேசப்படும் பாட்டும் அதுவாகத்தான் இருக்கும்.

குழுவுக்குச் சாப்பாடு மாலை 6 மணிக்கு இட்லி மாதிரி லேசாக. பாடுகிறவர்களுக்கு வெந்நீர். தட்டுவடை செட் நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அதன் காரச் சட்னி பாடுவதற்கு முன் தொண்டைக்கு ஆகாது. கச்சேரி முடிந்து கொடுங்கள்.

கேட்க வருகிறவர்களுக்கு

மேடைக்கு முன் 10 அடி காலி இடம், கயிறு கட்டி. ஸ்பீக்கருக்கு 25 அடிக்குள் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. மிக்ஸர் இருக்கும் இடத்தில் 85 முதல் 90க்குள் வையுங்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு நடு ஸ்பீக்கர் ஜோடிக்கும் தள்ளிப் பின்னால் ஒரு பாய்விரிப்பு. முதியோருக்கு நாற்காலி ஓரத்தில் போடுங்கள், நடுவில் போட்டால் பின்னால் தரையில் இருப்பவர்களுக்கு மறைக்கும். ஆம்புலன்ஸ் போக 12 அடி வழியைக் கடைசிவரை திறந்தே வையுங்கள்.

ஏற்காட்டில் என்றால்

மே மாதக் கோடை விழாவை ஒட்டியோ சேர்வராயன் கோயில் விழாவை ஒட்டியோ மலையில் மேடை போடுகிறவர்களுக்குச் சில கணக்குகள் மாறும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. நீளமான லாரி வேண்டாம், இரண்டு சிறிய வண்டிகளாகப் பிரித்து முந்தின நாளே ஏற்றுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு. டர்போ இல்லாத ஜெனரேட்டர் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கும். ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

மூடுபனி இறங்கினால் சுருதி பிரியும். குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கிட்டார் கம்பி இறுகிச் சுருதி ஏறும், ஈரத்தில் தபலாத் தோல் தளரும். மூன்றும் மூன்று பக்கம் போகும். குழலை வாசிக்கும்வரை சட்டைக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். தபலாவைத் துணி போர்த்து வையுங்கள். நான்கு பாட்டுக்கு ஒருமுறை சுருதி சேர்க்க ஒரு நிமிடம் கொடுங்கள், தொகுப்பாளர் அதை நிரப்பட்டும். குளிரில் கிடந்த மின்கருவிகளைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்ததும் இயக்கினால் உள்ளே ஈரம் கோத்திருக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மங்களத்துக்குப் பிறகு

அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில், மிக்ஸர் பிறகு, மேடைக் கருவிகள் கடைசியில். மாற்றிச் செய்தால் ‘டமார்’ என்ற ஓசையில் ஸ்பீக்கர் கோன் கிழியும். வயர்களை ஈரத்துணியால் துடைத்து வட்டமாகச் சுற்றுங்கள். முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கேறி அடுத்த கச்சேரியில் அறுந்து நிற்கும். குழுவின் மீதிப் பணத்தை வேன் ஏறும் முன் கையில் கொடுத்துவிடுங்கள்.

டிரம்ஸைப் பிரிக்கப் பத்து நிமிடம் தாமதிக்கச் சொல்லிக் குழுவிடம் முன்பே கேட்டு வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும், மணி பத்தைத் தாண்டியிருக்கும், அதனால் குச்சி வேண்டாம். கயிற்றை அவிழ்த்து, மேடையோரம் காத்திருக்கும் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக ஏற்றி, டிரம்ஸ் தோலை விரலால் தட்டிப் பார்க்க விடுங்கள்.